கழற்றத் தெரிந்த பிறகுதான் ஒட்ட வேண்டும்

2016 மே மாதம், கத்திரி வெயில். அந்தப் பெண் தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு சலூனுக்குள் வந்தார். வெயிலுக்காக என்றுதான் நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டாவை எடுத்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு காதுக்கும் மேலே, முடியை நீளமாகக் காட்ட நான் ஒட்டிய எக்ஸ்டென்ஷன் டேப்புகள் சரிந்து தொங்கின. அதற்கு அடியில் தோல் சிவந்து, ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாக இருந்தது.

"அன்னிக்கு ராத்திரியே வலிச்சுது. ரெண்டு நாள்ல பழகிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பதினோரு நாள் முன்னால் அவருக்கு நிச்சயதார்த்தம். இயல்பிலேயே மெல்லிய முடி. இடுப்பு வரை வேண்டும் என்று கேட்டார். டேப் எக்ஸ்டென்ஷன் என்பது நீள முடி பொருத்திய, சுமார் நாலு சென்டிமீட்டர் அகலப் பசைப் பட்டைகள். சொந்த முடியில் மெல்லிய ஓர் அடுக்கைப் பிரித்தெடுத்து, மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை என்று நடுவில் வைத்து அழுத்துவோம். நல்ல அடர்த்தியான தலைக்கு 40 பட்டை, அதாவது 20 ஜோடி, ஏறக்குறைய 100 கிராம் வரும். அவர் தலைக்கு அதில் பாதிதான் தாங்கும். நான் நாற்பதையும் வைத்தேன். வேருக்கும் டேப்புக்கும் இடையில் அரை சென்டிமீட்டராவது விட வேண்டும். டேப் வெளியே தெரியக்கூடாது என்று தோலோடு தோலாக வைத்தேன். காதோரத்து முடி தலையிலேயே மிக நோஞ்சானான முடி, அதில் எதையும் தொங்கவிடக் கூடாது, அங்கேயும் வைத்தேன். ஒரே தலையில் மூன்று தப்பு. பில் பெரிதாக வந்தது, அந்த மாத டார்கெட் முடிந்தது என்ற சந்தோஷத்தில் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

கழற்றியது நான் இல்லை, எங்கள் சீனியர் அக்கா. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன். பசையை இளக்கும் ரிமூவரை டேப்பின் ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டார். விட்டுவிட்டு சும்மா நின்றார். முழுசாக ஐந்து நிமிடம். அப்புறம் வால் சீப்பின் நுனியால் ஒரு மூலையை லேசாகத் தூக்கிப் பார்த்தார், தோசை வெந்துவிட்டதா என்று ஓரம் தூக்கிப் பார்ப்போமே, அப்படி. வரவில்லை என்றால் விட்டுவிட்டு இன்னொரு சொட்டு. தானாகப் பிரிந்து வந்தால்தான் கையில் எடுத்தார். ஒரு இடத்தில்கூட இழுக்கவில்லை. மூன்று மணி நேரம் ஆனது. அந்தப் பெண் ஒருமுறைகூட "ஸ்" என்று சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தோல் டாக்டரிடம் போகச் சொன்னோம், போனார். இழுவையால் வந்த உதிர்வு, சீக்கிரம் கழற்றியதால் திரும்ப வளரும், மாசக்கணக்கில் அப்படியே விட்டிருந்தால் வேரே தழும்பாகி அந்த இடத்தில் முடி முளைக்காமலே போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். காதோரம் முடி திரும்ப வர ஏழு மாதம் ஆனது. மாதம் ஒருமுறை நானே போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சலூன் மூடும்போது அக்கா சொன்னார்: "ஆறு மாசத்துக்கு நீ யாருக்கும் ஒட்டாத. கழட்டறது மட்டும் பண்ணு." தண்டனை என்று நினைத்து அழுதேன். இன்று இந்தத் தொழிலில் எனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், அந்த ஆறு மாதத்தைத்தான் சொல்வேன்.

கழற்றும்போதுதான் ஒட்டியவர் செய்த ஒவ்வொரு தப்பும் கண்ணுக்குத் தெரியும். ஒரு ஜோடிக்குள் அளவுக்கு மீறி முடி வைத்திருந்தால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நழுவியிருக்கும். குறைவாக வைத்திருந்தால் அந்தப் பத்து இருபது முடி மொத்தப் பாரத்தையும் சுமந்து அறுந்திருக்கும். பட்டையின் பசை உள்ளேயிருக்கும் முடி வழியாக லேசாகத் தெரிய வேண்டும், அதுதான் சரியான அளவு என்பதை எந்த வகுப்பிலும் நான் புரிந்துகொள்ளவில்லை. கழற்றிய பட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துதான் புரிந்துகொண்டேன். கெரட்டின் பசையால் சின்னச் சின்னக் கொத்தாக ஒட்டும் கெரட்டின் பாண்ட் என்றால் ரிமூவர் விட்டு, குறடால் மெதுவாக நசுக்கி, பசை மாவாக உதிர்ந்த பிறகு வழுக்கி எடுக்க வேண்டும். பசை இல்லாமல் குட்டி வளையத்தில் மாட்டும் மைக்ரோ ரிங் என்றால் எந்தப் பக்கம் நசுக்கி மாட்டினார்களோ அதற்குக் குறுக்கே நசுக்கினால் வளையம் வாய் திறக்கும். அவசரப்பட்டுக் கத்தரிக்கோல் எடுத்தவர்கள் தலைகளையும் பார்த்திருக்கிறேன்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்கிறது. எட்டு வாரத்தில் டேப் வேரிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். இறங்கிய டேப் திரும்பும், முறுக்கும், பக்கத்து டேப்போடு சிக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் வரச் சொல்வது இதனால்தான். சலூனுக்கு வருமானம் என்பது அப்புறம். கெரட்டின் பாண்ட் மூன்று நாலு மாதம் தாங்கும். "நல்லாத்தானே இருக்கு" என்று ஏழு மாதம் வைத்திருந்த ஒருவர் வந்தார். பிடரியில் முடி கம்பளி மாதிரி ஒட்டிப்போயிருந்தது. இரண்டு நாள் உட்கார வைத்துப் பிரித்தோம்.

இன்னொன்று, இதைப் புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்வேன். கழற்றியதும் ஒரு கொத்து சொந்த முடி கையோடு வரும். பார்க்கிற வாடிக்கையாளருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் கணக்குப் பாருங்கள். யாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை கொட்டும். எக்ஸ்டென்ஷன் போட்ட இடத்தில் கொட்டிய முடி கீழே விழ வழியில்லாமல் டேப்புக்குள்ளேயே இரண்டு மாதம் உட்கார்ந்திருக்கிறது. கழற்றும்போது அத்தனையும் மொத்தமாக வருகிறது. இதைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் அது சமாளிப்பாகத்தான் காதில் விழும்.

எனக்கு எக்ஸ்டென்ஷன் என்ற வார்த்தை தெரிவதற்கு வெகு காலம் முன்பே சவுரி தெரியும். வியாசர்பாடியில் எங்கள் ஆயா தினமும் தலை வாரியதும் சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றி, உருண்டையாக்கி, ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த துணிப்பைக்குள் போடுவார். பை நிறைந்ததும் தெருவில் முடி வாங்க வருகிறவர்களிடம் கொடுத்து ஒரு சின்னப் பாத்திரமோ ஊசியோ வாங்கிக்கொள்வார். வயதாகி முடி கொட்டியபின், தன் முடியிலேயே கட்டிய சவுரியை வைத்துத்தான் கொண்டை போட்டார். நல்ல நாள் என்றால் அந்தச் சவுரியைத் தேங்காயெண்ணெய் தொட்டு நீவி வெயிலில் காய வைப்பது என் வேலை.

அந்தச் சீப்பு முடிக்கும் கோயில் முடிக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த வியாபாரத்தின் மொத்த சூட்சுமமும். முடியின் மேல் மீன் செதில் போல அடுக்கடுக்காக ஒரு படலம் இருக்கிறது. செதில்கள் எல்லாம் வேரிலிருந்து நுனியைப் பார்த்து இருக்கும். திருப்பதியிலும் திருத்தணியிலும் பழநியிலும் மொட்டை போடும்போது நீள முடியைக் கட்டிவிட்டு மழித்தால் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் அப்படியே நிற்கும். திருமலையில் மொட்டை போடும் இடமான கல்யாணக்கட்டாவில் சேரும் முடியைத் தேவஸ்தானம் நீளம் பார்த்துத் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. திசை மாறாத அந்த வகையைத்தான் ரெமி என்கிறார்கள். சீப்பு முடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும், செதிலோடு செதில் மாட்டிக்கொள்ளும், இரண்டு குளியலில் சிக்காகிவிடும். அதை மறைக்க, செதிலை ஆசிட்டில் கரைத்துவிட்டு சிலிக்கான் பூசி விற்கிறார்கள். கடையில் பட்டு மாதிரி இருக்கும். பூச்சு போனதும் தேங்காய் நார்.

நான் முதன்முதலில் சொந்தக் காசில் சரக்கு எடுத்தது 2018இல். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் "நூறு பர்சென்ட் ரெமி" என்று காட்டினார்கள். நாலு முடி உருவிக் கொளுத்திப் பார்த்தேன், தலைமுடி கருகும் வாடை வந்தது, விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிர்ந்தது. சின்தடிக் என்றால் உருகிக் கெட்டிக் குண்டுமணியாகிவிடும். அந்தச் சோதனையோடு திருப்திப்பட்டு 300 கிராம் வாங்கிவிட்டேன். அது மனித முடிதான், ஆனால் சீப்பு முடி. மூன்றாவது தலைக்குளியலில் சிக்கிக்கொண்டது. சேமிப்பெல்லாம் அதில் போனது. கொளுத்திப் பார்ப்பது மனித முடியா என்பதை மட்டும்தான் சொல்லும். இப்போதெல்லாம் முதலில் ஒரே ஒரு கட்டு வாங்கி, அழுக்கை அடியோடு எடுக்கிற ஷாம்பு போட்டு மூன்று முறை அலசி, எண்ணெய், சீரம் எதுவும் தொடாமல் காயவிட்டு, நுனியிலிருந்து வேரை நோக்கி இரண்டு விரலால் உருவிப் பார்ப்பேன். அந்தத் திசையில் சொரசொரப்பும் மறு திசையில் வழவழப்பும் இருந்தால்தான் மிச்சத்துக்கு ஆர்டர். கட்டின் நுனிப்பக்கமும் மேல்பக்கம் அளவுக்குத் தடிமனாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எடையைக் கூட்டிக் காட்டக் குட்டை முடியைக் கலந்திருப்பார்கள்.

2021இல் கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்தபின் எங்களிடம் வந்தவர்களை மறக்க முடியாது. கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பிரசவத்துக்குப் பிறகும் அப்படித்தான். எல்லாரும் எக்ஸ்டென்ஷன் கேட்டார்கள். எங்களுக்கும் பல மாதம் வருமானம் இல்லாத நேரம். ஆனால் கொட்டிக்கொண்டிருக்கிற முடியில் எதை ஒட்டினாலும் அது வேரோடு பிடுங்கிக்கொண்டு போகும். அக்கா சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று உண்டு: ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கிடையில் பிடித்து வேரிலிருந்து நுனி வரை மெதுவாக உருவ வேண்டும், நாலைந்து இடத்தில். ஒவ்வொரு பிடியிலும் ஆறுக்கு மேல் கையோடு வந்தால் இப்போது வேண்டாம். புழுவெட்டு, தோலில் புண், தைராய்டு மருந்து புதிதாக ஆரம்பித்தவர்கள், எல்லாரையும் முதலில் டாக்டரிடம் அனுப்பிவிடுவோம். செலவுக்கு யோசித்தால் அரசுப் பொது மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்போம். ஒரு அம்மா, கைக்குழந்தையோடு வந்தவர், "கண்ணாடியே பார்க்கப் பிடிக்கலைமா" என்று அழுதார். அவருக்குத் தோள் வரை வெட்டி, அடர்த்தி தெரியும்படி லேயர் எடுத்து அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து வந்து, எக்ஸ்டென்ஷன் கேட்காமல், தன் தங்கை கல்யாணத்துக்கு எங்களை புக் செய்தார். அந்தக் குடும்பத்தில் இதுவரை நாலு கல்யாணத்துக்குத் தலை அலங்காரம் செய்துவிட்டேன்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே சொல்வதில் பாதி சென்னைத் தலைக்குப் பொருந்தாது. நம் ஊரில் போர் தண்ணீர் உப்பு. அது படிந்து படிந்து எக்ஸ்டென்ஷன் முடி விறைத்துப்போகும், ஏனென்றால் அதற்கு வேரிலிருந்து எண்ணெய்ப் பசை இறங்குவதில்லை. கடைசி இரண்டு சொம்பு மட்டும் கேன் தண்ணீரில் அலசுங்கள் என்று சொல்கிறேன், அது ஒன்றே பெரிய மாற்றம் தருகிறது. ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களுக்கு உச்சியில் டேப் வைப்பதில்லை. ஹெல்மெட்டுக்குள் ஊறும் வியர்வையில் பசை இளகிவிடும். ஒட்டிய முதல் இரண்டு நாள் தலையில் தண்ணீரும் வியர்வையும் படக்கூடாது என்பதால் மே மாதத்தில் ஏசி இல்லாத வீட்டுக்காரர்களுக்கு, பசை இல்லாமல் தாங்களே மாட்டிக் கழற்றக்கூடிய கிளிப் வகையைத்தான் பரிந்துரைப்பேன்.

அப்புறம் எண்ணெய். தேங்காயெண்ணெய் பட்டால் டேப் பசை கழன்றுவிடும் என்பது உண்மை. அதற்காக, வாராவாரம் எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்தவர்களிடம் "இனி எண்ணெயே வைக்காதீங்க" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. எண்ணெய் விடமாட்டேன் என்றால் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள், இரவு எடுத்துவிட்டு நிம்மதியாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். நம் ஆயாக்கள் சவுரியை அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

முகூர்த்த மாதங்கள்தான் எங்களுக்கு அறுவடை. தை, வைகாசி, ஆவணி. ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்ட வேண்டியிருக்கும், அந்த இரண்டு மாதத்துச் செலவை முன்கூட்டியே எடுத்து வைக்காதவர்கள் கடன் வாங்குவார்கள். நாலரை ஆறு முகூர்த்தம் என்றால் இரவு இரண்டு மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். மணப்பெண்ணின் சொந்த முடியை இறுக்கிக் குதிரைவால் கட்டி, அடித்தளம் அமைத்து, அதன் மேல் சவுரி, பிறகு ராக்கொடி, ஜடைபில்லை, பூ ஜடை, கடைசியில் குஞ்சலம். ஈரமான பூவோடு சேர்ந்து அதன் பாரம் உட்காரும்போது தெரியாது, குனிந்து மாமியாருக்கு நமஸ்காரம் செய்யும்போது தெரியும். அதனால் பாரத்தை ஒரே இடத்தில் தொங்கவிடாமல், பின்னலின் மூன்று இடத்தில் உள்ளே நூலால் தைத்து மாட்டுவேன்.

ஒரு கல்யாணத்தில் எல்லாம் அழகாக முடிந்து வந்துவிட்டேன். இரவு பதினொன்றரைக்குப் பெண்ணின் அக்கா போன் செய்தார். ரிசப்ஷன் கொண்டையைக் கழற்றத் தெரியாமல் பெரியம்மா கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார். சவுரியோடு பெண்ணின் சொந்த முடியும் ஒரு கைப்பிடி போய்விட்டது. தப்பு பெரியம்மாவுடையது இல்லை. கழற்றுவது எப்படி என்று நான் யாரிடமும் சொல்லாமல் வந்தது தப்பு. அதிலிருந்து, மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் அக்காவையோ தங்கையையோ தோழியையோ கூப்பிட்டு, எது முதலில், எது அடுத்தது என்று தொட்டுக் காட்டுவேன். எத்தனை பின் குத்தியிருக்கிறேன் என்று எண்ணி ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன்: "யூ பின் 18, சின்னப் பின் 42." எண்ணிக்கை சேரும்வரை சீப்பு போடக்கூடாது. அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, "எல்லாம் எண்ணிட்டோம் அக்கா, சரியா இருக்கு" என்று நள்ளிரவில் மெசேஜ் வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன்.

தொழிலுக்கு வர நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளம். நான் 2013இல் பிளஸ் டூ முடித்து அண்ணா நகரில் ஒரு சலூனில் அசிஸ்டன்ட்டாகச் சேர்ந்தபோது மாதம் 5,000 ரூபாய். ஒன்றரை வருடம் முடி கூட்டியது, துண்டு துவைத்தது, தலை அலசியதுதான் வேலை. அம்மா, "ஊர்ல யாராவது கேட்டா ஆபீஸ் வேலைன்னு சொல்லு" என்றார். இந்தத் தொழிலைத் தலைமுறையாகச் செய்தவர்களை ஊர் எப்படி நடத்தியது என்று பார்த்து வளர்ந்தவர் அவர். கோபம் வரவில்லை, வலித்தது. இப்போது அவரே பக்கத்து வீட்டில் என் விசிட்டிங் கார்டைக் கொடுக்கிறார்.

பெரும்பாலான சலூன்களில் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு பில் போட்ட பிறகுதான் கமிஷன் ஆரம்பிக்கும். சேரும்போதே இதை எழுத்தில் கேளுங்கள். நான் இரண்டாவதாகச் சேர்ந்த இடத்தில் பயிற்சி கொடுக்கிறோம் என்று மார்க் ஷீட் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்ப வாங்க நாலு மாதம் நடந்தேன். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் யாரிடமும் வேண்டாம். லட்சக்கணக்கில் கட்டிப் படிக்க முடியாதவர்கள் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு காஸ்மெட்டாலஜி படிப்பை விசாரியுங்கள். சொந்தமாக ஆரம்பிக்க முத்ரா கடனில் சிசு வகையில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். ஒரு நாற்காலி, நல்ல டிரையர், கொஞ்சம் சரக்கு என்று வீட்டு முன்னறையிலேயே தொடங்கலாம்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரம் நின்று எனக்கு இருபத்தெட்டு வயதில் காலில் நரம்பு சுருண்டது. கடைகள், நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தியிருக்கிறார்கள். டேப் வேலை முழுவதையும் சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்தே செய்யலாம், கண்ணுக்கு நேராகத் தலை வரும், கையும் நடுங்காது. என் கடையில் யாரும் நின்றுகொண்டு டேப் தொடுவதில்லை.

இப்போது என்னிடம் ஒரு பெண் வேலை கற்கிறாள், பத்தொன்பது வயது. சேர்ந்த அன்றே, "அக்கா, எனக்கு எப்ப ஒட்டக் குடுப்பீங்க?" என்றாள். ஆறு மாதம் என்றேன். முகம் வாடிவிட்டது. இது நாலாவது மாதம். போன வியாழக்கிழமை ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு வார டேப்பைக் கழற்ற உட்கார வைத்தாள். நான் அந்தப் பக்கம் ஒரு கலர் வேலையில் இருந்தேன். கழற்ற ஆரம்பிக்கும் முன்பே அவள் அவர் மடியில் வெள்ளைத் துண்டை விரித்து, "மேடம், இப்ப கொஞ்சம் முடி வரும், பயப்படாதீங்க. ரெண்டு மாசமா கொட்ட வேண்டியது உள்ளயே மாட்டிட்டு இருந்திருக்கு. வேணும்னா சேர்த்து வைக்கிறேன், நீங்களே பாருங்க" என்றாள். அவர் துண்டின் மேல் சேர்ந்த முடியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதி முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அடுத்த தடவையும் இந்தப் பொண்ணே பண்ணட்டும்" என்றார்.

அவள் நிமிரவில்லை. அடுத்த பட்டையின் ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.